சுலபமாக இருந்தது என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும்

செந்தூலிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது மகனுக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டேன். எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட்டின் மாதிரித் தேர்வில் 555 வாங்கிய நாளிலிருந்து தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணிதம், கூடுதல் கணிதம் இரண்டிலும் ஏ பிளஸ். பொறியியல் பட்டம். மூன்று வருட வேலை. "இவனுக்கே இந்தக் கதி என்றால் பரீட்சை அவ்வளவு கஷ்டமா, இல்லை இவன்தான் ஏமாற்றுகிறானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை.

முதலில் அந்த 555. ஜிமேட் மொத்த மதிப்பெண் 205-இல் தொடங்கி 805-இல் முடிகிறது. 555 என்பது நடுத்தரத்தை ஒட்டிய மதிப்பெண். முதல் மாதிரித் தேர்வுக்கு இதில் அழ ஒன்றுமில்லை. உங்கள் அண்ணன் மகன் அந்தக் காலத்தில் 700 வாங்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய தேர்வு. 2023 நவம்பரில் புது வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையதை நிறுத்திவிட்டார்கள். பழைய 700-க்கு நிகராக இன்று 645 அளவைச் சொல்லலாம். ஆக, தம்பி ஏற வேண்டிய தூரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது வேறொரு இடத்தில். "முதல் பத்துக் கேள்வி நன்றாகப் போனதாம். அப்புறம் கஷ்டமாகிக்கொண்டே போனதாம். ஒரு கேள்வியில் ஆறு நிமிடம் உட்கார்ந்துவிட்டானாம். கடைசி நான்கைத் தொடவே நேரமில்லையாம்." நோய் இதுதான்.

ஜிமேட் வினாத்தாள் முன்கூட்டியே அச்சடித்து வைத்த தாள் இல்லை. பதில் சரியாகச் சரியாக, கணினி இன்னும் கடினமான கேள்வியைத் தேடி எடுத்துப் போடும். தவறினால் கொஞ்சம் இறங்கிவரும். நன்றாகச் செய்பவனுக்கும் பாதித் தேர்வில் 'தோற்றுக்கொண்டிருக்கிறோம்' என்ற நினைப்பு வருவது இதனால்தான். தம்பிக்குக் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனது அவன் நன்றாகச் செய்துகொண்டிருந்ததற்கு அடையாளம். வெளியே வந்து "ரொம்ப சுலபம்" என்று சொல்லும் பிள்ளையைத்தான் நான் உட்காரவைத்து விசாரிப்பேன். ஆனால் தேர்வு நடக்கும்போதே 'இது சுலபமாக இருக்கிறதே, முந்தினது தப்போ' என்று ஜோசியம் பார்க்கக் கூடாது. நமக்குச் சுலபமானது எல்லோருக்கும் சுலபம் என்று இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்ப்பள்ளியிலிருந்து எஸ்.பி.எம். வரை அவர்களுக்கு ஊட்டியது என்ன? எல்லாக் கேள்வியையும் செய், வழிமுறையைக் காட்டு, விடை தப்பினாலும் வழிக்கு மதிப்பெண் உண்டு. நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் படித்தேன். ஜிமேட்டில் வழிக்கு மதிப்பெண் கிடையாது. ஆறு நிமிடம் போராடிச் சரியாகச் செய்த கேள்வியும் ஒன்றுதான், அதனால் கைவிட்டுப்போன கடைசிக் கேள்விகள் நான்கு. நான் எழுதிய வருடம் நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரு நிகழ்தகவுக் கணக்கில் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு மௌஸைத் தட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

தம்பி விட்டுவிடக் கற்றுக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. கணக்குப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி, அதாவது கால் மணிக்கு ஏழு. ஏழாவது முடியும்போது 30 நிமிடம், பதினான்காவது முடியும்போது 15 நிமிடம் மீதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்ப்பவன் பாதிக் கவனத்தை அங்கேயே தொலைத்துவிடுவான். இரண்டு நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லையா, இருப்பதில் பொருத்தமானதைத் தட்டி, அடையாளக் குறி போட்டுவிட்டு நகர வேண்டும். பதில் ஏதும் தராமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். ஆனால் ஒரு பகுதியில் மூன்று பதில்களைத்தான் மாற்றலாம் என்பதால் பார்க்கிற எல்லாவற்றுக்கும் குறி போட்டுப் பயனில்லை.

சென்னையில் இருக்கும் உங்கள் உறவினர் "தெரியாததைத் தொடாதே" என்று தம்பிக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை, அவர் சொல்வது இந்தியாவின் ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் தேர்வு. அங்கே சரியான பதிலுக்கு 3 மதிப்பெண், தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் போய்விடும். ஒரு பகுதிக்கு 40 நிமிடம், அதற்குள் எல்லாக் கேள்வியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கை வருவதை மட்டும் எடுத்துச் செய்யலாம். அங்கே விட்டுவைப்பது புத்திசாலித்தனம். ஜிமேட்டில் முடிக்காமல் விட்டால் அதற்கே தண்டம், குருட்டாம்போக்கில் தட்டுவது அதைவிட மேல். இரண்டுக்கும் ஒரே புத்திமதி பொருந்தாது.

இனி டேட்டா இன்சைட்ஸ், அதாவது தரவுகளை அலசும் பகுதி. பொறியாளர்கள் பலர் வழுக்குவது இங்கேதான். கணக்கு, மொழித்திறன், இது என மூன்றுக்கும் சம எடை. பழைய தேர்வில் மொத்த மதிப்பெண் கணக்கையும் மொழியையும் வைத்து மட்டும் வந்தது, அதனால் அண்ணன் மகனின் அனுபவம் இங்கே உதவாது. 20 கேள்வி, 45 நிமிடம். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும், ஆனால் இந்தப் பகுதியில் மட்டும். கணக்குப் பகுதியில் கிடையாது. பள்ளிக் காலத்திலிருந்தே கால்குலேட்டரோடு வளர்ந்த கை, 17-ஐ 24-ஆல் பெருக்கவே தடுமாறும். அதற்குத் தினமும் பத்து நிமிடம் மனக்கணக்கு போதும்.

அந்தப் பகுதியில் 'தகவல் போதுமா' என்று கேட்கும் ஒரு வகை உண்டு. ஒரு மாதிரி சொல்கிறேன், தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தே தாரேக் என்னும் தேநீரும் ரொட்டி சானாயும் மட்டும் வாங்கினார். தே தாரேக் 2 ரிங்கிட், ரொட்டி 3 ரிங்கிட். எத்தனை தே தாரேக் வாங்கினார்? முதல் தகவல்: மொத்தம் 7 ரிங்கிட் ஆனது. இரண்டாவது தகவல்: மொத்தம் மூன்று பொருள் வாங்கினார்.

கூடுதல் கணிதத்தில் ஏ பிளஸ் வாங்கியவன் உடனே சொல்வான்: தெரியாதது இரண்டு, அதனால் சமன்பாடும் இரண்டு வேண்டும், இரண்டு தகவலும் சேர்ந்தால்தான் போதும். தப்பு. அரை ரொட்டி யாரும் விற்பதில்லை. முழு எண்ணில் 7 ரிங்கிட் வருவது இரண்டு தே தாரேக், ஒரு ரொட்டியில் மட்டும்தான். முதல் தகவலே போதும், இரண்டாவது தனியாகப் போதாது. கேள்வி எழுதியவர் விரித்த வலை, படித்த பிள்ளைக்கென்றே விரித்தது. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, கண்டுபிடிக்க முடியுமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள் என்பதும் பலருக்குப் பழக நாளாகும்.

மொழித்திறனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 23 கேள்வி, பத்தி வாசிப்பும் வாதங்களைச் சோதிப்பதும் மட்டும். இலக்கணப் பிழை கண்டுபிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதனால் அண்ணன் மகன் கொடுத்த பழைய தடிப் புத்தகத்தை அலமாரிக்கே அனுப்பிவிடுங்கள். அதில் இருக்கும் வடிவியலும் இப்போது கேட்பதில்லை. தேர்வு நடத்துபவர்களின் தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வு இலவசமாகவே இருக்கிறது. தம்பி ஒன்றைச் செலவழித்துவிட்டான். இரண்டாவதை இப்போதே தொட வேண்டாம், ஒன்றரை மாதம் போகட்டும்.

அதுவரை தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதட்டும்: தெரியாமல் தப்பா, அவசரத்தில் தப்பா, விட மனமில்லாமல் தப்பா. இருபது வரி சேர்ந்தால் அவனுக்கே ஒரு படம் கிடைத்துவிடும். அப்புறம், தேர்வு மையத்தில் தாளும் பேனாவும் தர மாட்டார்கள், அழித்து எழுதும் பளபளப்புத் தாளும் மார்க்கரும்தான். அச்சகக் கடையில் நான்கு ஏ4 தாளுக்கு லேமினேட் போட்டு வாங்கிக் கொடுங்கள். மார்க்கரில் எழுதினால் கை தானாகவே வழிமுறையைச் சுருக்கும்.

ஒரே முயற்சியில் முடித்தாக வேண்டும் என்று நெருக்காதீர்கள். 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறோம். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அதனால் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை. இங்கேயே நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோனும் சேர்ந்து 2015-இல் தொடங்கிய ஏசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸ் இருக்கிறது, சிங்கப்பூரில் இன்சியாட் இருக்கிறது. இவை ஜி.ஆர்.ஈ. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. ஆனால் பாதியில் தேர்வை மாற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

பதிவு செய்யும்போது ஒரு விஷயம். படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கோ 'இன்னாரின் மகன்' என்னும் ஏ/எல் தான் இருக்கிறது. எந்த அடையாள ஆவணத்தைத் தேர்வுக்குக் கொண்டுபோகிறானோ, பெயர் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். வாசலில் வைத்து வாதாட முடியாது.

இந்தச் சனிக்கிழமை காலையில் தம்பி பிரிக்பீல்ட்ஸுக்கு வரட்டும். புத்தகம் எதுவும் வேண்டாம், ஆறு நிமிடம் உட்கார்ந்த அந்தக் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள்.