லென்ஸைக் கழற்றிப் பூட்டினேன், தூரம் தெளியவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கேமரா கடையில் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் வாங்கினேன். 'உள்ளே சுத்தம், பங்கஸ் கிடையாது' என்று வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியில் கிளை கிளையாகப் பங்கஸ். கடைக்காரர் போனை எடுக்கவில்லை. நானே கழற்றித் துடைத்தேன். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருந்ததால் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் விட்டுப் பூட்டினேன். என் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 அடாப்டர் (பழைய திருகு மரை லென்ஸை வேறு கேமராவில் மாட்டும் வளையம்) போட்டு எடுத்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கச்சியின் கண் இமை வரை பளிச்சென்று விழுகிறது. மொட்டை மாடியிலிருந்து துறைமுக கிரேனை எடுத்தால் ஒரே மங்கல். பூட்டியதில் தப்பா? சரிபண்ண மெக்கானிக் 2,000 ரூபாய் கேட்கிறார். கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: மெக்கானிக்கிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். எனக்குச் சந்தேகம் உங்கள் கைவேலை மேல் இல்லை, அடாப்டர் மேல்தான்.

எம்42 லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்டில், அதாவது லென்ஸ் மாட்டும் வாயில், அந்தத் தூரம் 46.5. தடிமனே இல்லாத அடாப்டர் போட்டால்கூட லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்தள்ளித்தான் நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். உங்களுடையது போன்ற 58 மி.மீ. லென்ஸுக்கு அதுவே சுமார் மூன்றே கால் மீட்டரோடு தெளிவை நிறுத்திவிடும். அடாப்டரின் தடிமனும் சேர்ந்தால் இன்னும் கிட்டே வந்துவிடும். தங்கச்சி விழுகிறாள், கிரேன் விழவில்லை என்ற கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. கேனான் இஎஃப் மவுண்டில் தூரம் 44 மி.மீ., அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. மிரர்லெஸ் கேமராவிலும் இல்லை.

நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த நிக்கான் அடாப்டரும் விற்கிறது. அதில் தூரம் தெளியும், ஆனால் அபர்ச்சரை (ஒளி புகும் துவாரத்தை) முழுக்கத் திறந்தால் படம் சோகையாகிவிடும். இந்த லென்ஸை வாங்குவதே முழுக்கத் திறந்து எடுக்கத்தான். நான் வாங்க மாட்டேன்.

லென்ஸை மறுபடி பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஜெனிட் மாதிரி எம்42 ஃபிலிம் கேமராவோ, அடாப்டரோடு கேனான் டிஎஸ்எல்ஆரோ தெரிந்தவர்களிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, வளையத்தை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) குறியில் வைத்து, அதே கிரேனை வியூஃபைண்டரில் பாருங்கள். கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தால் நீங்கள் பூட்டியது சரி. கதை முடிந்தது.

அங்கேயும் தூரம் மட்டும் மங்கல் என்றால் ஃபோகஸ் மரையை, அதாவது வளையத்தைத் திருப்பும்போது லென்ஸை முன்பின் நகர்த்தும் மரையை, பாருங்கள். அதை முழுசாகப் பிரித்தீர்களா என்று எழுதவில்லை. அந்த மரைக்குத் தொடக்கம் ஒன்றல்ல, பல. ஊறுகாய் பாட்டில் மூடி போல எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்ளும், சரியான இடம் ஒன்றுதான். பிரியும்போது எந்த இடத்தில் விடுபட்டது என்று இரண்டு பாகத்திலும் கோடு போட்டு வைக்காதவர்கள் ஒவ்வொரு தொடக்கமாக முயன்று பார்க்க வேண்டியதுதான். மரையைப் பிரிக்கவே இல்லை, குறி மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்றால் வேலை சுலபம். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் வளையம் வழுக்கும். உள்ளே இருக்கும் மரையைத் திருப்பித் தூரத்தைத் தெளியவைத்து, வளையத்தை இன்ஃபினிட்டி குறிக்குக் கொண்டுவந்து, மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கிட்டேயும் மங்கல், தூரத்திலும் மங்கல் என்றால்தான் கண்ணாடி தலைகீழாக மாட்டியிருக்கிறது, அல்லது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி நேராக உட்கார்ந்தால் அதைப் பிடிக்கும் வளையம் விரல் நுனியாலேயே சுழலும். பாதியில் இறுகினால் உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் கண்ணாடியின் விளிம்பு தெறித்துவிடும்.

எண்ணெய் விட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த லென்ஸில் அபர்ச்சர் பிளேடுகளைக் கையால் திருப்புகிறோம், அதனால் எண்ணெய் பட்டாலும் வேலை நிற்காது. படம் எடுக்கும்போது அபர்ச்சர் தானாக மூடும் லென்ஸாக இருந்திருந்தால் பிளேடுகள் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஆனாலும் அந்த எண்ணெய் வெயில் காலத்தில் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் புகையாகப் படியும். மரைக்குத் தேவை கெட்டியான கிரீஸ், அதுவும் மெல்லிசாக. மெக்கானிக்குக் காசு கொடுப்பதானால் பழையதைத் துடைத்துப் புது கிரீஸ் போடுவதற்குக் கொடுங்கள்.

இனி கடைக்காரர். பழைய பொருளானாலும் 'பங்கஸ் இல்லை' என்று சொல்லிக் கடை விற்றால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். பில் இல்லாவிட்டால் யுபிஐயில் பணம் போன பதிவும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நீங்கள் லென்ஸைத் திறந்துவிட்டீர்கள். ஸ்க்ரூத் தலையில் கீறல் இருந்தால், 'எல்லாம் இவர் செய்ததுதான்' என்று கடைக்காரர் எளிதில் சொல்லிவிடுவார். துடைப்பதற்கு முன் பங்கஸைப் படம் எடுத்திருந்தால் பாதிப் பணமாவது பேசி வாங்கலாம். எடுக்கவில்லை என்றால் நான் உங்கள் இடத்தில் விட்டுவிடுவேன். அடாப்டர் விஷயம் வேறு. ஆன்லைனில் வாங்கி, அந்தப் பக்கத்தில் 'இன்ஃபினிட்டி ஃபோகஸ் வரும்' என்று போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாதென்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது.

கேள்வி: காசிமேட்டில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. லென்ஸை அதன் தோல் உறையிலேயே பீரோவில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பங்கஸுக்கு அதுவே தீனி. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டித் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதனால் சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் கிடைப்பதை வாங்குங்கள்.