ஜூலை ஏரியில் பிக்கரல்: நேரத்தை மாற்றுங்கள், காசைக் கையில் வைத்திருங்கள்

கேள்வி: ஒன்ராறியோவின் ஏஜாக்ஸில் வசிக்கிறோம். சென்ற ஜூலையில் கவார்த்தா ஏரிகளில் ஒன்றான பிஜன் ஏரிக்கரையில் ஒரு கிழமைக்குக் கொட்டேஜ் எடுத்தோம். தினமும் பத்து மணிக்குப் படகில் ஏறி, பின்னேரம் மூன்று மணிவரை தூண்டில் போட்டும் ஒரு பிக்கரல்கூடப் படவில்லை. சுற்றிலும் ஸ்கீ படகுகளும் வேக் படகுகளும் ஓடிக்கொண்டே இருந்தன. இந்த வருடமும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். தெரிந்தவர் ஒருவர், "மீன் உறுதி" என்று சொல்லும் ஒரு வழிகாட்டியைக் காட்டுகிறார். கடையில், தண்ணீருக்குள் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் சோனார் கருவியை வாங்கச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பாவும் (வயது 67) எங்களோடு மீன்பிடிக்க ஆசைப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஏரியில் பிக்கரல் இருக்கிறது. நீங்கள் போன நேரம்தான் பிழை.

அமெரிக்கர் வால்ஐ என்று சொல்லும் இந்த மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இரவில் டோர்ச் அடித்தால் பூனைக் கண்போல மின்னுவது அதனால்தான். மங்கலான வெளிச்சத்தில் சிறு மீன்களுக்குக் கண் மட்டுப்படும்போது இதற்கு நன்றாகத் தெரியும். வேட்டைக்கு அது தெரிவு செய்யும் நேரமும் அதுவே. நல்ல வெயிலில் செடிகளின் நிழலுக்குள்ளோ ஆழத்துக்கோ போய்ப் படுத்துவிடும். கவார்த்தா ஏரிகளில் ஸீப்ரா மசல் என்ற சிறு சிப்பி பரவிய பிறகு தண்ணீர் முன்னரைவிடத் தெளிந்துவிட்டது. வெளிச்சம் முன்னரைவிட ஆழமாகப் போகிறது, பகலில் பிக்கரல் பிடிப்பது இன்னும் கடினமாகிவிட்டது.

ஜூலை தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணியாகும். எட்டு மணிக்குப் போய்ப் பத்தரை வரை இருங்கள். அல்லது விடிய ஐந்து மணிக்கு இறங்கி ஏழு, ஏழரைக்குத் திரும்புங்கள். அந்த நேரங்களில் ஸ்கீ படகுகளும் அநேகமாகக் கரையேறியிருக்கும். கிழமை நாட்களில், அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை, சனி ஞாயிறை விட நெரிசல் குறைவு. பகலில்தான் போக முடியும் என்றால் முகில் மூடி, காற்றடித்து, தண்ணீர் கலங்கும் நாளைப் பாருங்கள். காற்று நேரே மோதும் கரைப்பக்கம் நில்லுங்கள். ஆட்களுக்கு அலுப்பான அந்த அலை வெளிச்சத்தை உடைத்துவிடும், மீனும் துணிந்து வெளியே வரும்.

இடம் பற்றி ஒன்றுதான். நடு ஏரியை விட்டுவிட்டு, செடிப் படுகையின் வெளி விளிம்பைத் தேடுங்கள். கரையிலிருந்து மெதுவாக வெளியே போங்கள். ஜிக்கில் (ஈயக் குண்டு வைத்த தூண்டில் முள்) செடி சிக்குவது எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் விளிம்பு. பெரும்பாலும் 8 முதல் 14 அடி ஆழத்துக்குள் வரும். அங்கே நங்கூரம் போட்டு, கால் அவுன்ஸ் ஜிக்கில் ஓர் அட்டையையோ பாதி மண்புழுவையோ கொழுவி, நிலத்தைத் தொட விட்டு, ஒரு சாண் தூக்கி மெல்ல இறக்குங்கள். பிக்கரல் வெடுக்கென்று இழுப்பது குறைவு. தூண்டில் கொஞ்சம் பாரமானது மாதிரித்தான் தெரியும். அப்போது இழுத்து மாட்டுங்கள். ஆளுக்கு ஒரு தூண்டில் மட்டும்.

படகுகளைப் பற்றிச் சொன்னீர்கள். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் வந்தால் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. முப்பதே மீற்றர்! அலை எழுப்பி அதில் சறுக்குவதற்கென்றே செய்யப்படும் வேக் படகுகளை மினசோட்டாப் பல்கலைக்கழகம் அளந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அந்த அலை சாதாரணப் படகின் அலை அளவுக்குத் தணிய 500 அடிக்கு மேல், அதாவது 150 மீற்றருக்கு மேல், தூரம் வேண்டுமாம். அப்படியிருந்தும் எங்கள் விதி 30 மீற்றரிலேயே நிற்கிறது. ஏரிக்கரை மக்கள் எத்தனை தரம் முறையிட்டாலும், நீர்வழி மத்திய அரசின் கையில், மீன் மாகாண அரசின் கையில், கரை நகரசபையின் கையில் என்று ஆளாளுக்குக் கைகாட்டிவிடுகிறார்கள். அது மாறும்வரை நீங்கள் உங்கள் நேரத்தை மாற்றுவதுதான் வழி.

இனிக் காசு விஷயம். "மீன் உறுதி" என்று சொல்பவரை நம்பாதீர்கள். எந்த மீன், யார் பிடிக்கும் மீன் என்று கேட்டுப் பாருங்கள். உள்ளங்கையளவு புளூகில் என்ற சிறு மீன் ஒன்று பட்டாலும் "மீன் பட்டுவிட்டதே" என்பார். இல்லாவிட்டால் தானே பிடித்து உங்கள் வாளியில் போடுவார். நேர்மையான வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்துக்கும் அனுபவத்துக்கும் காசு வாங்குவார்கள், மீனுக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். இன்னொன்று: கூலிக்கு ஆள் ஏற்றும் படகை இந்த நாட்டுச் சட்டம் உல்லாசப் படகாகக் கணக்கெடுப்பதில்லை. அதற்கு வேறு பாதுகாப்பு விதி, ஓட்டுபவருக்கு வேறு பயிற்சி. அந்தப் பத்திரத்தையும் காப்புறுதியையும் காட்டச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

நம் ஆட்களுக்குள் நடக்கும் வேறு இரண்டு விஷயங்களையும் சொல்லத்தான் வேண்டும். "கவார்த்தா பிக்கரல், கிலோ இவ்வளவு" என்று கைபேசிக் குழுக்களில் விற்பது. பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்த மீனை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அடுத்தது, லைசென்ஸ் "எடுத்துத் தருகிறேன்" என்று மேலதிகமாகக் காசு வாங்குவது. மாகாண அரசின் இணையத்தளத்திலோ சேர்விஸ் ஒன்ராறியோவிலோ நீங்களே எடுக்கலாம். கனடாவில் வசிப்போரில் 18 முதல் 64 வயது வரை பொதுவாக ஒவ்வொருவருக்கும் அவுட்டோர்ஸ் கார்ட்டும் (மாகாண அரசு தரும் அடையாள அட்டை) லைசென்ஸும் வேண்டும். படகுக்கு ஒன்று போதும் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒருவருடையதை மற்றவர் பாவிக்கவும் முடியாது.

சோனார் இப்போதைக்கு வேண்டாம். ஆழம் காட்டும் சாதாரணக் கருவி போதும். ஆயிரக்கணக்கில் விலை போகும் புதிய கருவி மீனைத் திரையில் காட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு வாய் திறக்காத மீன் திரையில் தெரிந்தாலும் வாய் திறக்காது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

அப்பாவின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "65 வயதுக்கு மேல் லைசென்ஸ் தேவையில்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை கனடாவில் வசிப்போருக்கு மட்டுமே உரியது. உங்கள் அப்பா வருகையாளர். 67 ஆனாலும் 77 ஆனாலும் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். கனடா தினத்தை ஒட்டி வரும் இலவச மீன்பிடி வாரத்துக்கும் இதே கதைதான். அதுவும் இங்கே வசிப்போருக்கே. சுப்பர் விசாவில் வந்து நீண்ட நாள் தங்கும் பெற்றோர் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கு வசிப்பவர் என்று கணக்கெடுக்க, முந்தைய 12 மாதங்களுக்குள் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும், முதன்மை வீடும் இங்கேயே இருக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் அவர் இங்கு வசிப்பவர் ஆகிவிடமாட்டார். யாழ்ப்பாணத்தில் வீடு வைத்து, மகளோடு எட்டு மாதம் தங்கிப் போகிறவர் வருகையாளர்தான். இதை அரசின் அறிவிப்புகளில் தலைப்பிலேயே தெளிவாக எழுத என்ன தடை? "இலவசம்" என்ற சொல் முன்னால் வருகிறது, யாருக்கு என்பது பின்னால் வருகிறது. ஆங்கிலத்தைத் தடுமாறிப் படிக்கும் ஒரு முதியவர் அபராதச் சீட்டோடு நிற்கிறார். உங்கள் அப்பாவுக்கு வழி எளிது: ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் தேவையில்லை. கிழமை முழுக்கப் பிடிக்க விரும்பினால் எட்டு நாள் லைசென்ஸ் எடுங்கள்.

மீன் பட்டால் வெட்டுமுன் அளந்து பாருங்கள். பிஜன் ஏரி 17ஆம் மீன்பிடி வலயத்தில் இருக்கிறது. அங்கே 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரையுள்ள பிக்கரலை மட்டும் வைத்திருக்கலாம். சிறியதும் பெரியதும் உடனே தண்ணீருக்குள் போக வேண்டும். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள், அவற்றை ஆசையோடு விடுங்கள். வாயை மூடி, வால் மடல்கள் இரண்டையும் சேர்த்து நெருக்கி, நுனிவரை அளக்க வேண்டும். வாலை விரித்து வைத்தால் அளவு குறைந்து தெரியும். அப்படித்தான் 50ஐத் தாண்டிய மீனை வாளியில் போட்டுவிடுகிறார்கள். ஏரியில் இருக்கும்போது துண்டு போடாதீர்கள். மே இரண்டாம் சனியிலிருந்து நவம்பர் 15 வரைதான் பருவம். எத்தனை மீன் என்பது நீங்கள் எடுக்கும் லைசென்ஸின் வகையைப் பொறுத்தது; அந்த வருடத்து விதிச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்று ஸ்கூகொக் ஏரிக்குப் பிக்கரல் தேடிப் போகாதீர்கள். மீன் அருகிப்போனதால் 2016இலிருந்து அங்கே பிக்கரல் பிடிப்பது முற்றாகத் தடை, பிடித்து விடுவதும் உட்பட.

நான் உங்களை இருட்டில் ஏரிக்கு அனுப்புவதால் கடைசியாக இதையும் சொல்கிறேன். பிஜன் ஏரி ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் ஒரு பகுதி. பொப்கேஜன் ஊரில் மடைக்கதவு தாண்டி வரும் பெரிய படகுகள் சிவப்பு, பச்சை மிதவைகளுக்கு இடையே போகும். அந்தப் பாதைக்குள் நங்கூரம் போடவே கூடாது. இருட்டத் தொடங்கியதும் படகு விளக்கைப் போடுங்கள், நங்கூரத்தில் நிற்கும்போது சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரியட்டும். வாடகைப் படகென்றால் பகலிலேயே அந்த விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பியர் கரையில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காமல் அப்பா, பிள்ளைகள் உட்பட எல்லோரும் உடம்பில் போட்டிருங்கள்.