சிறுவயதில் வீட்டில் ஓயாத சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள், பெரியவர்களான பிறகும் சின்னச் சத்தத்துக்குக்கூடப் பதறுவது ஏன்?

யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

எனக்கு 44 வயது. காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் பிறந்தவள். பெரிய வீடு என்றதும் வசதி என்று நினைக்காதீர்கள். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஆறு புள்ளி, அதாவது ஆறு குடும்பம். எங்கள் பங்குக்கு ஓர் அறை, இரண்டாங்கட்டில் ஓர் அடுப்பு. வெளியூர்க் கடை நொடித்த பிறகு அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) குடிக்க ஆரம்பித்தார். முகப்புக் கதவுச் சாவி ஒரு சாண் நீளம். ராத்திரி அது பூட்டில் திரும்புகிற சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே திருப்பில் திறந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். துளை கிடைக்காமல் தகட்டில் இரண்டு மூன்று தடவை உரசினால், ஆத்தா, அதாவது அம்மா, என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார். அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லில் பூவுக்கு எட்டு இதழ். ஆத்தாவின் அழுகை ஓயும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அதிர்ந்துகூடப் பேசமாட்டார். ஆனாலும் அவர் சாவிக்கொத்தை மேசையில் போட்டால் என் உள்ளங்கை சில்லிட்டுவிடும். மேலாளர் "கொஞ்சம் உள்ளே வாங்க" என்றாலும் அப்படித்தான். ஆனால் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்த இரவில் கை நடுங்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்தவளும் நான்தான்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு விளக்கப்பட்டது இதுதான்: மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும். மூளையிலேயே இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாக, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய்க் கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்கும். ஆபத்து போனதும் அடங்கவேண்டும். வளர்கிற வயதில் தினமும் இதே பாடு என்றால் அந்த அடங்குகிற ஒழுங்கு கெடலாம். சிலருக்கு ஒன்றுமில்லாததற்கும் பொங்கும். சிலருக்குச் சுரக்கவேண்டிய நேரத்திலும் மந்தமாக இருக்கும்.

"எங்கள் காலத்தில் யார்தான் அடி வாங்கவில்லை" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: ஃபெலிட்டி, ஆன்டா என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பம் பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைவிடக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு. பட்டவர் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அப்பச்சியைத் தூற்றுகிறேன் என்றும் எண்ணவேண்டாம். அவர் படத்துக்கு இன்றும் பூ வைக்கிறேன். என் ஆற்றாமை வேறு. பங்காளிகள் ஆறு பேரும் ஒத்துவராமல் ஓடு ஒழுகிக் கிடக்கிறது. போன வருடம் போனால் முகப்பு நிலைக்கதவையே காணோம். பர்மாத் தேக்கு. பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டார்களாம். பணத்தில் பங்கு வேண்டாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் பயந்து நடுங்கிய கதவுதான். இருந்தும் அந்த வெற்று வாசலில் நின்று அழுதேன்.

உங்களுக்கு: மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க அரசின் டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல 11 வருடம் ஆனது. இப்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார்.