யாருடைய துப்பாக்கி?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மா, அமெரிக்காவில் நடப்பது போல ஒரு டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் ஆட்சியில் சிக்கிய உலகைக் கற்பனை செய்யும் கதை, எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் அரசு எல்லாருடைய துப்பாக்கியையும் பறிமுதல் செய்கிறது. ஒரே வாரத்தில் சர்வாதிகாரம் வந்துவிடுகிறது. படித்த நண்பர்கள் நம்ப முடியவில்லை என்கிறார்கள். எங்கே இடறுகிறேன்?
– முதல் நாவல் எழுதும் வாசகர்

பதில்: அந்த ஒரு வாரத்தில்தான் இடறுகிறீர்கள். ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் மட்டும் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. அங்கே வாழும் மனிதர்களைவிட அதிகம். 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஆஸ்திரேலிய அரசு துப்பாக்கிகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஆறரை லட்சம் அளவுக்கு வாங்கவே ஒரு வருடம் பிடித்தது. உங்கள் கதையில் 39 கோடியை வாங்கிவர யார் போகிறார்கள்? எந்தெந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்?

கதவு என்றதும் எனக்கு உங்கள் நாவலின் நல்ல தொடக்கம் தெரிகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1986இல் சட்டமே வந்துவிட்டது. கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புவார். அது கடைக்காரரிடமே இருக்கும். கடையை மூடிவிட்டால் அந்தக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றைப் படம் எடுத்து வைக்கிறார்கள். ஆனால் ஒரு பெயரைத் தட்டித் தேட முடியாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். குற்றத்தில் சிக்கிய ஒரு துப்பாக்கி எங்கே விற்கப்பட்டது என்று பார்க்க ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

நான் ஓய்வு பெறும்வரை வங்கியில் வேலை பார்த்தவள். பழைய லெட்ஜர்கள் கணினிக்கு மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காகிதத்தில் ஒருவரைத் தேடி எடுக்கவே அரைநாள் போய்விடும். மாறிய பிறகு ஒரே வயதுக்காரர்கள், ஒரே தெருக்காரர்கள், ஒரே தொழில் செய்பவர்கள் என்று நொடியில் பிரித்து எடுக்கலாம். எனவே என் யோசனை இது: பறிமுதலைத் தள்ளிப்போடுங்கள். மார்ட்டின்ஸ்பர்க்கில் ஓர் ஊழியர் காலையில் வேலைக்கு வருகிறார். அவருடைய திரையில் நேற்றுவரை இல்லாத ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. அங்கே ஆரம்பியுங்கள். அப்புறம் வரும் முதல் உத்தரவு எல்லாருக்குமானதாக இருக்க வேண்டாம். 'விசுவாசம் சந்தேகத்துக்கு உரியவர்கள்' மட்டும் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம். அந்த மற்றவர்களில் பலர் கைதட்டுவார்கள். அதை எழுதினால் உங்கள் நண்பர்கள் நம்புவார்கள்.

கேள்வி: ஹிட்லர் முதலில் மக்களின் துப்பாக்கிகளைப் பறித்தார், அதனால்தான் எதிர்க்க ஆள் இல்லை என்று படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி

பதில்: பாதிதான் உண்மை. ஜெர்மனியில் 1928இலேயே, நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, கடுமையான உரிமச் சட்டம் இருந்தது. நாஜி அரசு 1938 மார்ச்சில் கொண்டுவந்த புதிய சட்டம் பெரும்பாலான ஜெர்மானியர்களுக்கு விதிகளைத் தளர்த்தியது. வயது வரம்பு 20இலிருந்து 18 ஆனது. வேட்டைத் துப்பாக்கி வாங்க அனுமதி தேவையில்லை என்றானது. கட்சிப் பொறுப்பாளர்களுக்குத் தனிச் சலுகை. அதே ஆண்டு நவம்பர் 11, யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் எரிந்த இரவுக்கு அடுத்து, யூதர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, வெட்டும் குத்தும் ஆயுதம் எதையும் வைத்திருக்கக் கூடாது என்று ஆணை வந்தது.

இந்த வடிவத்தை வேறு இடங்களிலும் பார்க்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1865இல் மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டம், விடுதலையான கறுப்பின மக்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதித்தது. 1878இல் ஆங்கிலேயர்கள் இந்தியாவில் கொண்டுவந்த ஆயுதச் சட்டமும் அப்படித்தான். உரிமம் இந்தியர்களுக்கு, விலக்கு ஐரோப்பியர்களுக்கு. காந்தி தன் சுயசரிதையில் அந்தச் சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1967இல் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியாவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போன பிறகு, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏந்துவதற்கு எதிரான சட்டம் வேகமாக நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன்.

ஆகவே துப்பாக்கி பறிபோகும் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். யாரிடமிருந்து எடுத்தார்கள், யாரிடம் விட்டுவைத்தார்கள் என்ற கணக்கை மட்டும் கேட்பேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சட்டத்தையும், ஒரு கூட்டத்தாரை மட்டும் குறிவைக்கும் ஆணையையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு வந்த பிறகு என்ன ஆனது?

பதில்: தேர்தல் நடந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் ஜான் ஹோவர்டின் ஆட்சியை மக்கள் 2007இல் ஓட்டுப் போட்டே இறக்கினார்கள். அவர் தன் சொந்தத் தொகுதியிலும் தோற்றார்.

கேள்வி: உங்களை மிகவும் பயமுறுத்திய டிஸ்டோபியா நாவல் எது?

பதில்: மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. அதிலும் அமெரிக்காதான் விழுகிறது. துப்பாக்கி நிறைந்த அதே அமெரிக்கா. ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் அதிபரைச் சுட்டுக் கொல்கிறது, நாடாளுமன்றத்தினரையும் சுட்டுத் தள்ளுகிறது. பழியை வேறு ஆட்கள்மேல் போடுகிறார்கள். அரசியல் சாசனத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம் என்கிறார்கள். தெருவில் ஒரு கலவரம்கூட இல்லை. மக்கள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் கதை சொல்லும் பெண் கடைக்குப் போகிறாள். அவளுடைய அட்டை வேலை செய்யவில்லை. அன்றே வேலையும் போகிறது. பெண் என்று குறிக்கப்பட்ட எல்லாக் கணக்குகளையும் சில பொத்தான்களை அழுத்தி முடக்கிவிட்டார்கள். அவள் பணத்தை இனி அவள் கணவன்தான் எடுக்க முடியும். அவன் ஆறுதல் சொல்கிறான், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். இதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு வருகிறது.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வங்கியில் நாங்கள் 'டெபிட் ஃப்ரீஸ்' என்போம். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார், கணக்கு நின்றுவிடும். கவுன்ட்டருக்கு வந்து நிற்கிறவருக்கு ஏன் என்று சொல்ல எங்களிடம் பல நேரம் பதில் இருக்காது. மேலிடத்து உத்தரவு என்போம். அந்த நாவலில் பொத்தானை அழுத்திய ஊழியர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை. நான் அவர்களைத்தான் தேடிக்கொண்டே படித்தேன்.

கேள்வி: 'தொழிலாளி வீட்டுச் சுவரில் தொங்கும் துப்பாக்கிதான் ஜனநாயகத்தின் அடையாளம்' என்ற பொருளில் ஜார்ஜ் ஆர்வெல்லே எழுதியிருக்கிறாரே? அவரைவிடச் சர்வாதிகாரத்தை அறிந்தவர் யார்?

பதில்: எழுதினார், 1941 ஜனவரியில். ஜெர்மன் படை எப்போது வந்து இறங்குமோ என்று பிரிட்டன் காத்திருந்த காலம். ஊர்க்காவல் தொண்டர் படையில் சாதாரண ஆட்களிடம் அரசே துப்பாக்கி கொடுத்திருந்தது. அதை நம்பிக் கொடுத்த அரசைப் பற்றிய வரி அது. ஆர்வெல் 1937இல் ஸ்பெயினில் கழுத்தில் குண்டு வாங்கியவர், வெறும் பேச்சுக்கு எழுதவில்லை.

ஆனால் 1949இல் வெளிவந்த '1984' நாவலில் அவர் எதைக் காட்டினார் என்றும் பாருங்கள். எதிர்ப்பு இயக்கத்தில் சேர வரும் நாயகன் வின்ஸ்டனிடம், இயக்கத்தவனாக நடிக்கும் ஆளுங்கட்சி அதிகாரி ஓபிரையன் கேள்வி கேட்கிறான். கொலை செய்வாயா? ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவது இயக்கத்துக்கு உதவும் என்றால் வீசுவாயா? எல்லாவற்றுக்கும் வின்ஸ்டன் சம்மதிக்கிறான். பிறகு சிறையில், எங்களைவிட நீ உயர்ந்தவனா என்று கேட்டு, அந்தப் பேச்சின் பதிவையே ஓபிரையன் போட்டுக் காட்டுகிறான். எதிர்ப்பவன் கையில் ஆயுதம் வந்ததும் கேட்கப்பட வேண்டிய கேள்வியை ஆர்வெல் தவிர்க்கவில்லை. அந்த இடத்தை மறுபடி படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. இத்தகைய நாவல்களாகவே படிக்கிறான். துப்பாக்கி இருந்தால்தான் சுதந்திரம் என்று வாதாடுகிறான். அவனிடமிருந்து புத்தகங்களைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– கவலையில் இருக்கும் தந்தை

பதில்: வேண்டாம் சார். தடை செய்தால் அவர் படிக்கும் கதைகளே உண்மை என்று நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

உங்கள் கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1978இல் அமெரிக்காவில் ஒரு நிறவெறி அமைப்பின் தலைவர் புனைபெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அரசு துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வதில்தான் அதன் கதை தொடங்கும். பிறகு நாயகர்கள் அரசுக் கட்டடத்தின்மேல் லாரி குண்டு வைப்பார்கள். திமோத்தி மெக்வே அதைத் துப்பாக்கிச் சந்தைகளில் விற்றவன். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அவன் வைத்த லாரி குண்டு 168 பேரைக் கொன்றது. அதில் 19 பேர் குழந்தைகள். அவனுடைய காரில் அந்த நாவலின் பக்கங்கள் கிடைத்தன.

நாவலில் எதிரிகளுக்கு முகம் இருக்காது. ஓக்லஹோமாவில் இறந்தவர்களுக்கு முகம் இருந்தது. உங்கள் மகனிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான எதிர்ப்புப் போராட்டங்களை எண்ணிப் பார்த்ததையும் சொல்லுங்கள். ஆயுதம் ஏந்தியவை நூற்றுக்கு 26 அளவில் வென்றன, ஏந்தாதவை 53. அவர் அதை மறுத்துப் பேசினால் பேசவிடுங்கள். பிறகு அவருக்குப் பிடித்த நாவலை நீங்களும் முழுதாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசிப் பக்கத்துக்குப் பிறகு, வென்றவர்களின் துப்பாக்கிகளை யார் திரும்ப வாங்குவார்கள்? அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.