பீரோ நிறையச் சட்டை, காலையில் போட ஒன்றுமில்லை

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி. இப்போது சென்னையில் வங்கி வேலை. பீரோவில் இருபது சட்டைக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் தினமும் காலையில் நாலைந்தையே மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஆபீஸ், கல்யாணம், கோயில், வெளியே போவது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஃபேஷன் மாறினாலும் பல வருடம் கைகொடுக்கும் உடைகள் வேண்டும். 15,000 ரூபாய் ஒதுக்க முடியும். நான் நல்ல கறுப்பு. எந்த நிறம் எடுப்பது என்பதிலும் குழப்பம்.

பதில்: முதலில் கடைக்குப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த இருபது சட்டையையும் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். தோளில் எலும்பு முடியும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை இணைக்கும் தையல் அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். அதைத் தாண்டிக் கைப்பக்கம் சரிந்தால் இரவல் சட்டை மாதிரி தெரியும். கழுத்துப் பக்கம் ஏறி நின்றால் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுக்கும். நீங்கள் மாற்றி மாற்றிப் போடும் அந்த நாலைந்தில் தோள் சரியாக இருக்கும், பந்தயமே கட்டுவேன். இருபத்திரண்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். "நல்ல சட்டைதான், ஏனோ போடப் பிடிக்கவில்லை" என்று வாடிக்கையாளர் நீட்டுகிற சட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோளில்தான் தப்பு.

தோளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டில் லூஸ் என்றால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். நீளம் அதிகம் என்றால் அடியில் வெட்டி மடித்துவிடலாம். தோள் அளவு தப்பினால் கையைக் கழற்றி, வளைவை மறுபடி வெட்டி, திரும்ப இணைக்க வேண்டும். அவ்வளவு செய்தும் சட்டை பழையபடி விழாது. அதனால் தோள் சரியாக இருந்து உடம்பு மட்டும் லூஸாக இருக்கும் சட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள், அவை டெய்லரிடம் போகட்டும். தோள் தப்பியவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இதிலேயே உங்களுக்கு நாலைந்து சட்டை மிச்சமாகலாம்.

ரெடிமேட் வாங்குபவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபார்மல் சட்டையில் 39, 40, 42 என்று போட்டிருப்பது பெரும்பாலும் மார்பளவு இல்லை, சென்டிமீட்டரில் காலர் அளவு. உங்கள் மார்பு 40 இன்ச் என்பதற்காக 40-ஐ எடுத்தால் ஏமாற வாய்ப்பு உண்டு. மேல் பட்டனைப் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. மார்பில், உங்கள் உடம்பின் அளவைவிட நாலு இன்ச்சாவது சட்டை கூடுதலாக இருக்கட்டும். சென்னை வெயிலில் ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிம் ஃபிட் போட்டால் பதினோரு மணிக்கே முதுகு நனைந்துவிடும்.

சரி, துணி. உங்களுக்குக் காட்டன்தான். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, கடலோர ஊரின் புழுக்கத்தில் அது பெரிய தொல்லை. துணிக்கடையில் 40, 60, 80, 100 கவுண்ட் என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு, 840 கஜ நீளமுள்ள சிட்டா, அதாவது நூல் கட்டு, எத்தனை வருகிறது என்ற கணக்கு அது. எண் கூடக்கூட நூல் மெல்லியது. 100 கவுண்ட் கையில் பட்டு மாதிரி வழுக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், காலர் மடிப்பில் சீக்கிரம் தேயும், வெள்ளையாக இருந்தால் உள்ளே போட்ட பனியன் தெரியும். தினசரிக்கு 50, 60 கவுண்டில் நெருக்கி நெய்த பாப்ளின் துணி போதும். சற்றுத் தடித்து, நெசவு கண்ணுக்குத் தெரியும் ஆக்ஸ்ஃபோர்ட் துணியில் ஒன்று இருந்தால் ஜீன்ஸோடும் போகும், பேன்ட்டோடும் போகும். வாங்கும் முன் துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பத்து எண்ணிவிட்டுத் திறந்து பாருங்கள். சுருக்கம் கத்தி வைத்த மாதிரி நின்றால், மாலை வரை உங்கள் சட்டை எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். லினன் குளுமையானதுதான், ஆனால் கசங்குவது அதன் இயல்பு. வங்கிக் கவுன்ட்டருக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிக்கு வழியே இல்லாத அறையில் இருக்கிறீர்கள் என்றால் நூற்றுக்கு 60 பங்கு காட்டனும் மீதி பாலியெஸ்டரும் கலந்த டெரிகாட்டன் எடுப்பதில் தப்பில்லை.

நிறத்துக்கு வருவோம். இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். கறுப்பாக இருப்பவர் கடைக்குள் நுழைந்ததும் சேல்ஸ்மேன் சாம்பலும் மங்கிய பழுப்பும் எடுத்துப் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கும். நல்ல கறுப்புத் தோலின் மேல் சுத்த வெள்ளை போல எடுப்பது எதுவுமில்லை. இளநீலம் அடுத்தது. மெரூன், பாட்டில் கிரீன், கடுகு மஞ்சள் மூன்றும் உங்கள் நிறத்துக்கு அருமையாக எடுபடும். முகத்தைச் சோர்வாகக் காட்டுவது தோலின் நிறத்தை ஒட்டி வரும் மண் நிறங்கள்தான். ஒரு துணியை முகவாய்க்குக் கீழே பிடித்து, ட்யூப்லைட்டில் பார்க்காமல் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எத்தனை வேண்டும் என்பது நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரம் ஒருமுறை துவைத்தால், சில வாரம் ஐந்து நாளும் சில வாரம் ஆறு நாளும் ஆபீஸ் என்ற கணக்கில், ஆறு சட்டை. வெள்ளை இரண்டு, இளநீலம் இரண்டு, மெல்லிய கோடு ஒன்று, சின்னக் கட்டம் ஒன்று. பேன்ட் மூன்று: நேவி புளூ, கரும் சாம்பல், காக்கி அல்லது சந்தன நிறம். ஆறு சட்டையில் எதை எடுத்தாலும் மூன்று பேன்ட்டுக்கும் சேரும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கறுப்பு பேன்ட்டை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. அயர்ன் பாக்ஸ் பட்டுப் பட்டு முட்டியிலும் பின்பக்கமும் பளபளப்பு ஏறுவது அதில்தான் முதலில் தெரியும். எந்த அடர் நிற பேன்ட்டையும் உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும்.

பேன்ட் தைக்கக் கொடுத்தால் டெய்லரிடம் ஒன்று கேளுங்கள்: பின்பக்க இடுப்புத் தையலில் ஒன்றரை இன்ச் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முப்பது வயதுக்கு மேல் இடுப்பு ஏறாதவர் அபூர்வம். அந்த ஒன்றரை இன்ச் இருந்தால் பேன்ட் உங்களோடு வளரும். அடிப்பகுதி சுற்றளவு 15, 16 இன்ச் இருக்கட்டும். பெல்பாட்டமும் வந்து போனது, கணுக்காலில் பிடிக்கிற பேன்ட்டும் வந்து போய்க்கொண்டிருக்கிறது, இந்த நடு அளவு மட்டும் எந்தக் காலத்திலும் கண்ணை உறுத்தியதில்லை.

வெள்ளைச் சட்டை இரண்டு சொன்னதற்கு இன்னொரு காரணம் வேட்டி. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தனியாக உடை தேட வேண்டாம். மெல்லிய கரை போட்ட எட்டு முழ டபுள் வேட்டி ஒன்று, அன்றாடத்துக்கு நாலு முழம் ஒன்று. இரண்டும் அதே வெள்ளைச் சட்டையோடு சேரும். கரை எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் அது பழைய டிசைன் ஆகும், அரை இன்ச் கரை போதும். பிளேசர் இப்போதைக்கு வேண்டாம். ஜீன்ஸ் ஒன்று, கிழிசலும் வெளுப்பும் இல்லாத அடர் நீலத்தில். ஷூ அடர் பழுப்பில் எடுங்கள், மூன்று பேன்ட்டுக்கும் சேரும், பெல்ட்டும் அதே நிறத்தில். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வியர்வை ஏறிய தோல் காய ஒரு நாளாவது ஆகும்.

எங்கள் கடைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வருவார். வருடா வருடம் மே மாதம் நாலைந்து வெள்ளைச் சட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருவார். காலர் மடிப்பில் மட்டும் நூல் பிரிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருக்கும். காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்துக் கொடுப்பேன். தேய்ந்த பக்கம் உள்ளே போய்விடும், சட்டை இன்னும் மூன்று நாலு வருடம் உழைக்கும். காலர் முனையில் பட்டன் வைத்த சட்டையில் இது முடியாது. மலிவு ரெடிமேட் சட்டைகளிலும் முடியாது, காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துணி பத்துத் துவையலில் விட்டுப்போய்க் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். அதனால் வாங்கும்போது காலரை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதோ வழுக்குவது போல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

துவைப்பதில் இரண்டு சங்கதி. அக்குளில் வரும் மஞ்சள் கறைக்குக் காரணம் வியர்வையோடு சேரும் டியோடரன்ட்டில் உள்ள அலுமினிய உப்பு. பிளீச் ஊற்றினால் அது இன்னும் மஞ்சளாகும். டியோடரன்ட் நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள், கழற்றியதும் அந்த இடத்தை மட்டும் சோப்புப் போட்டு அலசுங்கள். நிறச் சட்டைகளை உள்பக்கம் திருப்பி நிழலில் காயப் போடுங்கள்.

உங்கள் 15,000-இல் பாதியை பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் வையுங்கள், அவற்றில்தான் மலிவு சீக்கிரம் பல்லிளிக்கும். மீதியில் சட்டைத் துணி எடுத்துத் தைப்பது உங்களுக்கு லாபம். பெரிய பன்னா, அதாவது 58 இன்ச் அகலத் துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், 36 இன்ச் சின்னப் பன்னா என்றால் 2.25 மீட்டராவது. காட்டன் துணியை ஒரு இரவு தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும், சுருங்குவது முன்னாடியே சுருங்கிவிடும். அளவுக்கு, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் அந்தப் பழைய சட்டையையும் கூடவே கொண்டுபோங்கள். ஆறையும் ஒரே நாளில் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைச் சட்டையை மட்டும் தைத்து வாங்கி, இரண்டு முறை துவைத்து, ஒரு முழுநாள் ஆபீஸுக்குப் போட்டுப் பாருங்கள். தோள் அசையாமல் நின்றால் மற்ற ஐந்தையும் கொடுக்கலாம்.