பதில்: உரவாளியில் நாற்றமும் புழுவும்

வணக்கம் சகோ. உரமாக்கப் பெயின்ட் வாளியில் போட்ட காய்கறிக் கழிவு பத்தே நாளில் நாறிப் புழு வைத்துவிட்டது, வீட்டில் தூக்கிப்போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தூக்கிப்போடாதீர்கள்.

ஈரம் அதிகமாகி, காற்றுப் புகாமல் அழுகுகிறது, அவ்வளவுதான். வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். அப்புறம் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட்டு நன்றாகக் கிளறுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது, பிழிந்த துணி மாதிரி இருக்க வேண்டும். மீந்த சாம்பார் சோற்றை இப்போதைக்கு அதில் கொட்டாதீர்கள் (எங்கள் வீட்டு வாளி நாறியதே அதனால்தான்).

புழு தட்டையாகப் பழுப்பு நிறத்தில் இருந்தால் அது கருப்பு சிப்பாய் ஈயின் புழு. கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கச் சகிக்கவில்லையென்றால் மேலே இரண்டு அங்குலம் நார்த்தூள் போட்டு மூடி, வாளியின் வாய்க்குப் பழைய வேட்டித் துணி கட்டிவிடுங்கள்.