மரம் அறுக்க மார்பிள் கட்டர் போதுமா?

கேள்வி: வீட்டுக்கு அலமாரி நானே செய்யலாம் என்று 18 எம்.எம். பிளைவுட் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் 7 இஞ்ச் சர்குலர் சா (மரம் அறுக்கும் வட்ட ரம்ப மெஷின்) கேட்டால், "எதுக்கு சார் அவ்வளவு காசு? மார்பிள் கட்டர்ல மர பிளேடு மாட்டிக்குங்க, பாதி விலையில முடிஞ்சிடும். ஆசாரிங்க எல்லாம் அதுலதான் அறுக்கிறாங்க" என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: சர்குலர் சா வாங்குங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசு அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங் மூடிக்குத்தான், அது தண்டச் செலவு இல்லை. பலகைக்குள் போகும்போது அந்த மூடி தானாகப் பின்னுக்குப் போகும். மெஷினை வெளியே எடுத்ததும் 'டக்' என்று வந்து பல்லை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவசரமாகத் தரையில் வைத்தால் பல் மெஷினின் சொந்த வயரையே கடிக்கும், இல்லையென்றால் உங்கள் காலை.

வேகத்தையும் பாருங்கள். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். 7 இஞ்ச் சர்குலர் சா 5,000 சொச்சம்தான். கல்லைத் தேய்த்து அறுக்கச் செய்த மெஷினில் மரத்தைக் கடிக்கும் பல்லை மாட்டுவது தப்பான ஜோடி. ஆசாரிகள் அறுக்கிறார்கள் என்பது உண்மைதான். அது அவர்களுக்கு வருடக்கணக்கில் கை பழகிய வேலை, அதிலும் விரல் இழந்தவர்கள் உண்டு. இரும்பு அறுக்கும் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டும் யோசனை யார் சொன்னாலும் வேண்டவே வேண்டாம். மாட்டாதே என்று கிரைண்டரோடு வரும் கையேட்டிலேயே போட்டிருக்கும்.

கடையில் பிளக்கை மாட்டும் முன் அந்த மூடியை லீவரால் தூக்கி விட்டுப் பாருங்கள். சிக்காமல் முழுதாகத் திரும்ப வரவேண்டும். மந்தமாக வந்தால் வேறு பீஸ் கேளுங்கள். வாங்கிய பிறகு, மறைக்கிறது என்று அதில் மரச்சில்லைச் சொருகித் தூக்கி நிறுத்தாதீர்கள்.

அறுக்கும்போது பெரிய ஆபத்து, மெஷின் உங்களை நோக்கித் துள்ளுவது. பிளைவுட்டின் இரண்டு முனைக்கும் ஸ்டூல் கொடுத்து நடுவில் அறுத்தால், பாதி போனதும் பலகை தொய்ந்து அறுத்த இடுக்கு மூடிக்கொள்ளும். பிளேடின் பின்பக்கப் பல் அதில் மாட்டி மேலே ஏறும், மெஷின் பின்னால் பாயும். அதனால் வெட்டுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் அருகிலேயே அடியில் கட்டை கொடுங்கள், ஓரமாக வெட்டும்போது துண்டு தானாக விழட்டும். பிளேடு பலகைக்குக் கீழே கால் இஞ்ச் நீட்டினால் போதும், 18 எம்.எம்.முக்கு முழு ஆழமும் இறக்க வேண்டியதில்லை. பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள், இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும். நல்ல பக்கத்தைக் கீழே போடுங்கள். பல் கீழிருந்து மேலே அறுப்பதால் பிசிறு மேல்பக்கம்தான் வரும்.

கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, தொளதொள கையுறை மூன்றும் கூடாது. பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் வைத்து அறுக்கப் போகிறேன். வீட்டில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் இழுத்துக்கொள்ளலாமா?

பதில்: டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்ட மெல்லிய வயர் என்றால் கூடாது. 1400 வாட் மெஷின் முழு லோடில் 6 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் இருந்து, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளுங்கள். சுருளில் வருவதாக இருந்தால் முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுருட்டிய நிலையில் லோடு கொடுத்தால் சூடேறி வயர் உருகும்.

மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், இரண்டு பின் பிளக்தான் வரும், எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் பிளேடு வயரை வெட்டிவிட்டால் அந்த இன்சுலேஷன் உதவாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள், இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். வயரை எப்போதும் உங்கள் பின்பக்கமாக, தோள்மேல் போட்டு விடுங்கள். தரை ஈரமாக இருக்கும் நாளில் மாடியில் அறுக்காதீர்கள். வெட்டுப்பட்ட வயரை டேப் சுற்றி ஓட்டுவதும் வேண்டாம், சர்வீஸ் சென்டரில் புது வயர் மாற்றிக் கொடுப்பார்கள். வாங்கும்போதே ஜிஎஸ்டி பில்லும் கடை முத்திரை வைத்த வாரன்டி கார்டும் வாங்கிவிடுங்கள், மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.